மணிமுக்தாற்றில் விழுந்த கல் எங்கே போகிறது?

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. 1993 வரை எல்லாம் ஒரே தென்னாற்காடு மாவட்டமாக இருந்தபோது, கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவும் கடலூர் கடற்கரையும் ஒரே ஆட்சியரின் பொறுப்பில் இருந்தன. மாவட்டம் இரண்டாகி, விழுப்புரத்தோடு சேர்ந்திருந்த காலத்திலும் மரக்காணம் பக்கம் ஒரு துண்டுக் கரை மிச்சமிருந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதோடு அதுவும் விட்டுப்போயிற்று. ஆனால் மலையில் பெய்யும் மழை இன்றும் பழைய தென்னாற்காட்டின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆறுகள். மணிமுக்தா விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய்த் திருக்கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் விழுகிறது.

இந்த ஓட்டத்தின் இரண்டு முனைகளையும் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. மேலே, வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஓடைகளில், பெரியார் அருவியின் அடியில், மேகம் அருவிக்கு நடந்து போகும் வழியில், கால் வைக்கும் இடமெல்லாம் உருண்ட கற்கள். கீழே, பரங்கிப்பேட்டையிலும் கடலூர் வெள்ளி கடற்கரையிலும் நாள் முழுக்கத் தேடினாலும் மலையிலிருந்து வந்த ஒரு கூழாங்கல் கைக்கு அகப்படாது. மணல், மணல், மணல் மட்டுமே. உலகத்தின் வேறு கரைகளில் மைல் கணக்கில் கூழாங்கல் குவிந்து கிடக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் செசில் என்ற கடற்கரை 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூழாங்கல் மட்டுமே கொண்டது. நமக்கு மட்டும் ஏன் அப்படி ஒன்று வாய்க்கவில்லை? நம் மலைக் கற்கள் எங்கே போகின்றன?

இந்தக் கேள்விக்கும் மணிமுக்தாவுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், தமக்குக் கிடைத்த 12,000 பொன்னை இந்த ஆற்றில்தான் போட்டார் என்றும், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் போய் எடுத்தார் என்றும் தலபுராணம் சொல்கிறது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கதை இது. கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. ஆற்றில் போடுவதற்கு முன் அவர் பொன்னில் ஒரு துண்டை மச்சம் வெட்டி வைத்துக்கொள்கிறார். குளத்தில் கிடைத்தது அதே பொன்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். ஆற்று மணலை ஆராயும் புவியியலாளர் செய்வதும் இதே வேலைதான். மலையில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, கடற்கரையில் அதன் உறவைத் தேடுகிறார். நாமும் அப்படியே செய்வோம்.

முதலில் மலையில் எடுக்க வேண்டிய மச்சம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் பெரும்பாலும் கிடைப்பவை சார்னோகைட்டும் நைஸ் என்ற வரிப்பாறையும். இரண்டையும் நாம் கருங்கல் என்று ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டோம். சார்னோகைட்டுக்குப் பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லும், சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லும் ஒன்றே என்று 1890-களில் அவர் கண்டு சொன்னார். தமிழ்நாட்டின் வடபாதியில் உள்ள இந்தப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதானவை. பூமியின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்த பல கிலோமீட்டர் பாறை அரித்துப்போன பிறகு வெளியே தலைகாட்டியவை. புதிதாக உடைத்த சார்னோகைட்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறமும், எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பும் தெரியும். உள்ளே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் என்ற கருமையான கனிமம், கொஞ்சம் மேக்னடைட், சில இடங்களில் சிவப்புக் கார்னெட். இந்த ஐந்து பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் தேவைப்படும்.

பாறை எப்படி உருண்டையாகிறது என்பதை ஒரு கொத்தனாரிடம் கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும். கிரஷரிலிருந்து வரும் ஜல்லியும் ஓடைக் கூழாங்கல்லும் ஒரே பாறையாக இருக்கலாம். ஜல்லிக்கு முனையும் விளிம்பும் உண்டு, அதனால் சிமெண்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கூழாங்கல் வழுக்கும். ஓடையில் கல் கல்லோடு மோதும்போது முதலில் அடி வாங்குவது துருத்திக்கொண்டிருக்கும் முனைதான். முனைகள் பொடிந்து போகப் போக, கல் உருளுவது எளிதாகிறது.

இதில் ஒரு புதிர் நெடுங்காலம் இருந்தது. கல் உருண்டையாகிவிட்டதென்றால் அது எவ்வளவோ தேய்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஆறுகளில் கூர்ந்து பார்த்தால், கற்கள் வெகு சீக்கிரம் உருண்டையாகிவிடுகின்றன. அளவு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை. ஹங்கேரியின் கணித அறிஞர் காபோர் டோமோகோஷும் அமெரிக்க இயற்பியலாளர் டக்ளஸ் ஜெரோல்மாக்கும் சகாக்களோடு சேர்ந்து 2014-இல் இதற்கு விடை சொன்னார்கள். தேய்மானம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் விளிம்புகள் மட்டும் கரைகின்றன, கல்லின் நீள அகலம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. விளிம்பெல்லாம் போன பிறகே இரண்டாம் கட்டம். அதில்தான் கல் முழுவதுமாகச் சிறுக்கத் தொடங்குகிறது. ஆகவே ஒரு கல்லின் வடிவத்தைப் பார்த்தே அது ஏறத்தாழ எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கணக்கிட முடியும்.

இந்தக் கணக்கு வேறொரு கிரகத்திலும் பயன்பட்டது. 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, கேல் பெருங்குழியில் உருண்ட கூழாங்கற்கள் பதிந்த பாறையைப் படம் எடுத்து அனுப்பியது. காற்று அவ்வளவு பெரிய கற்களைத் தூக்கி உருட்டியிருக்க முடியாது. அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி. 2015-இல் அதே ஆய்வாளர்கள் படத்தில் தெரிந்த வடிவங்களை மட்டும் வைத்து, அவை தம் பருமனில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கின்றன, பல பத்துக் கிலோமீட்டர் தூரம் ஆற்றில் உருண்டு வந்திருக்கின்றன என்று கணித்தார்கள். கோமுகி ஓடையில் எடுத்த ஒரு கல்லையும் இதே கண்ணோடு பார்க்கலாம். விளிம்பு இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறதா? அது பக்கத்துப் பாறையிலிருந்து விழுந்து அதிக காலம் ஆகவில்லை. முழுக்க வழவழப்பா? அது மலையின் உட்பகுதியிலிருந்து எத்தனையோ ஐப்பசி வெள்ளங்களில் இறங்கி வந்தது.

இனி கல் ஏன் கடலுக்குப் போய்ச் சேர்வதில்லை என்ற விஷயத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து பரங்கிப்பேட்டை நேர்க்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர். வளைந்து நெளிந்து போகும் ஆற்றுக்கு இன்னும் அதிகம். மலையில் ஆறு செங்குத்தாக விழுந்து வருகிறது. சமவெளியில் அதற்குச் சரிவே இல்லை. கைக்குள் அடங்கும் ஒரு கூழாங்கல்லை நகர்த்த, நொடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் தண்ணீர் பாய வேண்டும். மணலை நகர்த்த அதில் பத்தில் ஒரு பங்கு வேகம் போதும். மலையடிவாரத்தைத் தாண்டியதும் ஆற்றின் வேகம் செத்துப்போகிறது, கல் அங்கேயே தங்கிவிடுகிறது, மணல் மட்டும் மேற்கொண்டு போகிறது.

தேய்வதால் கல் சிறுக்கிறதா, பெரிய கல் பின்தங்கிவிடுவதால் கீழே சிறியது மட்டும் போய்ச் சேருகிறதா என்பது புவியியலில் பழைய வழக்கு. 1875-இல் ஹெர்மன் ஸ்டெர்ன்பெர்க் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ரைன் ஆற்றில் அளந்து, தூரம் கூடக் கூடக் கல்லின் எடை ஓர் ஒழுங்கான விகிதத்தில் குறைகிறது என்று சூத்திரம் எழுதினார். அவர் கட்சி, தேய்மானம். பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்துச் செயற்கைக் கால்வாய்களில், கல் தேய நேரமே இல்லாத குறுகிய தூரத்திலும் பெரியது மேலே, சிறியது கீழே என்று தரம் பிரிவதைக் கண்டார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவின் மமேயெஸ் ஆற்றில் செய்த ஆய்வு இரண்டையும் சேர்த்து வைத்தது. அதுவும் நம்மைப் போல வெப்ப மண்டலத்து மலையாறு. மலைக்குள் இருக்கும் வரை தேய்மானமே முக்கியம், சமவெளிக்கு வந்த பிறகு தரம் பிரிதலே முக்கியம் என்று அது காட்டியது. கல்வராயனுக்கும் இதே கதைதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நம் வெயிலும் மழையும் செய்யும் வேலை இன்னொன்று. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பனியுகத்து உறைவும் உருகலும் பாறையைக் கல்லாகவே உடைத்துத் தள்ளின. கடல் மட்டம் உயர்ந்து வந்தபோது அலைகள் அந்தச் சரளையைத் தரையை நோக்கி ஒதுக்கிக்கொண்டே வந்தன. செசில் அப்படிப் பிறந்தது. அங்கே பெரும்பாலானவை தீத்தட்டிக் கல் என்ற, எளிதில் கரையாத வகை. நம்மூரில் பாறை உடைவதற்கு முன்பே உளுத்துப்போகிறது. ஈரமும் சூடும் சேர்ந்து ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றிவிடுகின்றன. சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில், பாறை இருக்க வேண்டிய இடத்தில் செம்மண்ணும் நடுவே வெங்காயம் போலத் தோல் உரியும் உருண்டைக் கற்களும் தெரியும். அந்த உருண்டைகள் ஆற்றைப் பார்க்காமலே உருண்டையானவை. பாதி வேலையை மண்ணுக்குள்ளேயே இரசாயனம் முடித்துவிடுகிறது. ஓடையில் வந்து விழும் கல் ஏற்கெனவே பலவீனமானது.

ஆகவே கல்வராயனின் கல் கடலுக்குப் போகத்தான் செய்கிறது, கல்லாகப் போவதில்லை. உடைந்து, தனித்தனிக் கனிமங்களாகப் பிரிந்து போகிறது. மச்சத்தை இப்போது வெளியே எடுக்கலாம். ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. மிக நுண்ணியதாக இருப்பதால் ஓடும் நீரில் அது படியாது, ஓட்டம் நிற்கும் இடத்தில்தான் படியும். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிடத்து முகத்துக்கும் நடுவே பிச்சாவரத்தில் சுரபுன்னையும் தில்லையும் வேர்விட்டு நிற்கும் சேறு இப்படிப்பட்ட நுண்மண்தான். (வழியில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். பீங்கானுக்கான வெள்ளைக் களிமண்ணும் ஏதோ ஒரு பழங்காலத்தில் ஃபெல்ட்ஸ்பார் உளுத்து உண்டானதே.) குவார்ட்ஸுக்குக் கடினம் அதிகம், பிளவுபடும் தளம் இல்லை, நீரில் அநேகமாகக் கரைவதும் இல்லை. அதனால் எல்லாம் அழிந்த பிறகும் அது மிஞ்சுகிறது. கடற்கரையில் நாம் உட்காரும் வெளிர் மணலில் பெரும்பங்கு அதுதான்.

ஹைப்பர்ஸ்தீன், மேக்னடைட், கார்னெட் மூன்றும் கனமானவை. அலை திரும்பும்போது இலேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போய்விட, இவை பின்தங்கிக் கரையில் கரும்பட்டைகளாகப் படிகின்றன. யாரோ எண்ணெய் கொட்டிய அழுக்கு என்று பலர் நினைக்கும் அந்தக் கறுப்பு வரிகள் மலையின் சாறு. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தப் பட்டையின் மேல் உருட்டினால் மேக்னடைட் மயிர்போல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். மிச்சத்தை உள்ளங்கையில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னக் கண்ணாடியால் பார்த்தால் மாதுளை முத்து நிறத்தில் கார்னெட் பொடி தெரியும். நம் கிழக்குக் கரையின் மணலில் ஹைப்பர்ஸ்தீன் கிடைத்தால், உள்நாட்டில் எங்கோ சார்னோகைட் மலை இருக்கிறது என்று புவியியலாளர் சொல்வார். பொன்னின் மாற்று உரைப்பது போன்ற சோதனை இது. ஆனால் ஒவ்வொரு மணலும் கல்வராயனிலிருந்து வந்தது என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. காவிரி கொண்டு வந்ததும் கரையோரமாக வந்து கலக்கிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வெள்ளாறு கொட்டுவது கடலூர்ப் பக்கம் நகரும், அங்கிருந்து புதுச்சேரிப் பக்கம் போகும்.

கூழாங்கல்லே கடலோரத்துக்கு வராத மண்ணா இது என்றால், அதுவும் இல்லை. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர் அழைக்கும் பழைய படிவுகளில் கூழாங்கல் அடுக்குகள் உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன பெரிய மரங்கள் கிடக்கின்றனவே, அவை அந்தப் படிவைச் சேர்ந்தவை, ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழையவை. கிளையும் வேரும் இல்லாத வெறும் அடிமரங்கள். வேறெங்கோ விழுந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை. மரத்தையே உருட்டிக்கொண்டு வந்த ஆறுகள் அப்போது கல்லையும் கொண்டு வந்தன. இன்று தோட்ட அழகுக்கும் தண்ணீர் வடிகட்டும் தொட்டிக்கும் லாரியில் ஏறிப்போகும் கூழாங்கற்களில் பல, இப்படிச் செத்துப்போன ஆறுகள் விட்டுச்சென்றவை. திரும்ப உண்டாகாதவை.

தமிழர் வாழும் கடற்கரைகளில் கல் நிறைந்த கரை பார்க்க வேண்டுமானால் திருகோணமலைக்கு அருகே புறாத்தீவுக்குப் போகலாம். அங்கே கரையில் கிடப்பவை செத்த பவளத்தின் துண்டுகள். நடந்தால் ஓட்டுச்சில் போல ஒலிக்கும். அவை மலையில் பிறந்தவை அல்ல, கடலே செய்த கற்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோரம் குவித்திருப்பவையோ அரிப்பைத் தடுக்க மனிதர் கொண்டுவந்து போட்ட பாறைகள். அலை அடித்துக்கொண்டே இருந்தும் அவற்றின் விளிம்புகள் இன்னும் கூராகவே இருக்கின்றன. ஒரு கூழாங்கல் உருவாக அலையோ ஆறோ மட்டும் போதாது, கல் நகர வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அலை கூழாங்கல்லைக் கையாளும் விதம் தனி அழகு. மணற்கரையில் அலை ஏறிய தண்ணீர் மேலேயே வழிந்து கடலுக்குத் திரும்புகிறது, திரும்பும்போது மணலை இழுத்துப்போகிறது. கூழாங்கல் கரையில் ஏறிய தண்ணீர் கற்களின் இடைவெளியில் உள்ளே இறங்கிவிடுகிறது. திரும்பும் ஓட்டத்துக்கு வலுவில்லை. ஏறும்போது கொண்டுவந்த கல்லைக் கீழே இழுக்க முடியாமல் அங்கேயே விட்டுப்போகிறது. அதனால் கூழாங்கல் கரை செங்குத்தாக, மதில் மாதிரி உயர்கிறது. பெரும்புயலின் வேகத்தைக் கல்லோடு கல் உரசி உள்வாங்கிக்கொள்கிறது. செசிலில் மேற்கு முனையில் பட்டாணி அளவுக் கல், கிழக்கு முனையில் பெரிய உருளைக்கிழங்கு அளவுக் கல். இருட்டில் கரையேறும் மீனவர்கள் கல்லின் அளவைத் தடவிப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அந்த ஊர்ப் பேச்சு.

அந்த மதிலை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாட்டில் சான்று இருக்கிறது. டெவன் பகுதியில் ஹால்சாண்ட்ஸ் என்ற மீனவக் கிராமம். 1897-இல் அதன் எதிரே கடலடியிலிருந்து கூழாங்கல்லும் சரளையும் அள்ளத் தொடங்கினார்கள். பிளிமத் நகரில் கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்கக் கல் தேவைப்பட்டது. கடல் புதிதாகக் கல் கொண்டு வந்து நிரப்பிவிடும் என்றார்கள். நிரப்பவில்லை. ஊருக்கு முன்னிருந்த கரை தாழ்ந்துகொண்டே போக, மீனவர்கள் எதிர்த்துப் போராடி 1902-இல் அள்ளுவதை நிறுத்த வைத்தார்கள். அதற்குள் ஆறு லட்சம் டன்னுக்கு மேல் போயிருந்தது. 1917 ஜனவரி 26 இரவு கிழக்கிலிருந்து புயலும் உயர் அலையும் சேர்ந்து வந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஊரில் குடியிருக்கத் தகுந்ததாக ஒரு வீடுதான் மிஞ்சியது. அந்தக் கல் பனியுகத்தின் முடிவில் வந்து சேர்ந்த முதல். வட்டி எதுவும் வராத முதலை எடுத்துச் செலவழித்துவிட்டார்கள்.

நம் கரைக்குக் காவல் நிற்பது கூழாங்கல் அல்ல, மணல். ஆனால் அந்த மணலின் பிறப்பிடம் மேலே உள்ள கல். மலையடிவாரத்தில் நாமே அந்த வழியை மறித்திருக்கிறோம். கோமுகி அணை 46 அடி, மணிமுக்தா அணை 36 அடி. பாசனத்துக்கு இவை வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அணை தண்ணீரைத் தேக்குவதோடு சரளையையும் பருமணலையும் சேர்த்தே தேக்குகிறது. சுமை இறக்கிவிட்டு வெளியே வரும் தண்ணீரைக் கலிபோர்னியாவின் மத்தியாஸ் கொண்டால்ஃப் 1997-இல் ‘பசித்த நீர்’ என்று அழைத்தார். அது கீழே உள்ள ஆற்றுப்படுகையைத் தின்கிறது, கரையை அறுக்கிறது. அதற்கு மேல் மணலையும் நாம் அள்ளினால், கிணறுகளின் நீர்மட்டம் முதல் கடற்கரை வரை எல்லாமே விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்டெர்ன்பெர்க் அளந்த அதே ரைன் ஆற்றில் ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இஃபெட்ஸ்ஹைம் என்ற இடத்தில் தடுப்பணை கட்டிய பிறகு படுகை அரிக்கத் தொடங்கியது. 1978 முதல் அணைக்குக் கீழே படகுகளில் சரளையும் மணலும் கொண்டுவந்து ஆற்றிலேயே கொட்டுகிறார்கள். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கன மீட்டருக்கு மேல். ஆறு இழந்ததை ஆற்றுக்கே ஊட்டுகிறார்கள்.

நம்மால் அந்த அளவுக்குச் செலவழிக்க முடியாமல் போகலாம். ஆனால் ஏரியும் அணையும் தூர்வாரும்போது வண்டலை விவசாயிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல வழக்கம். வயலுக்கு வேண்டியது நுண்மண் மட்டும்தான். கல்லும் சரளையும் பருமணலும் வயலுக்கு ஆகாதவை. கோமுகி, மணிமுக்தா அணைகள் தூர்வாரப்படும்போது கல்லையும் சரளையையும் பருமணலையும் சலித்துப் பிரித்து, லாரியில் வெளியூர் அனுப்பாமல், அணைக்குக் கீழே ஆற்றிலேயே போட வேண்டும். அடுத்த வெள்ளம் எடுத்துக்கொண்டு போகும். பொதுப்பணித் துறையும் நீர்வளத் துறையும் ஒரு பருவம் சோதனையாகச் செய்து பார்த்து, விருத்தாசலம் பாலத்தடியில் படுகையின் மட்டத்தை ஆண்டுதோறும் அளந்து வெளியிடட்டும். கள்ளக்குறிச்சி, கடலூர் இரண்டு மாவட்ட விவசாயச் சங்கங்களும் குறைதீர் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாகவே வைக்கலாம்.